உத்தரத்துக்குக் கீழே ஒரு வளைகாப்பு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டார்கள் பாருங்கள். போன ஆவணியில், அதாவது 1979இல், கவரைப்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. பெயர் பரசுராமன். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பம். இவர் மட்டும் படித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சாம்பாருக்கு ஆரம்பித்த கதை, மோர் வரும்போது சரியான இடத்தில் வந்து நின்றது. அப்போது பார்த்து ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இலையை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டார் மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர்ச் சாதம் இறங்கவில்லை.

பிறகு அவரைத் தேடிப் பிடித்து, ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, எழுதினவரைக்கும் படித்துக் காட்டி, மிச்சத்தையும் பிடுங்கினேன். அவருடைய ஆட்சேபணைகளை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். போடாவிட்டால் மேலே சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடித்தார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"பொன்னேரி வயல்களில் நாற்றுகள் தலையசைத்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், மூன்று இளைஞர்கள் எதிர்காலக் கனவுகளோடு—"

(பரசுராமன்: "கனவு எங்க சார் வரும்? தூங்கினாத்தான வரும். மேல சொட்டு சொட்டுனு ஊத்திக்கினே இருக்கும்.")

சரி, வேண்டாம்.

"வீட்டுச் சொந்தக்காரர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். தினமும் வந்து உயிரை எடுப்பவர்கள் முதல் வகை. இரண்டாம் வகையினர்—"

இது கட்டுரை. சம்பளம் கொடுத்தாலும் யாரும் படிக்க மாட்டார்கள்.

"வீட்டுக்காரர் லோகநாதனின் மனைவி மூன்றாவது வருஷமாக முழுகாமல் இருந்தாள்."

இது இருக்கட்டும்.

3

முதல் வருஷத்துக்குப் பின்னால் போகிறேன். 1972. கல்லூரியில் படிக்க வந்த மூன்று பையன்கள் பொன்னேரியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஒருவர் நம் பரசுராமன். இரண்டாவது குப்புராஜ், திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயி மகன், பல் விளக்குவதைக்கூடக் கணக்குப் போட்டு நிரூபிக்கிற ரகம். மூன்றாவது தாவீது. கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு சேரியில் பிறந்தவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்.

பொன்னேரியில் தாவீது வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் ஊரைக் கேட்டார்கள். பிறகு தெருவைக் கேட்டார்கள். பிறகு வீடு காலியில்லை என்றார்கள். இந்த ஒரு வீட்டில்தான் யாரும் எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய ஆள் வரவே இல்லை. வீட்டுக்காரர் லோகநாதன் இருந்தது கடம்பத்தூரில். பொன்னேரி கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இருக்கிறது, கடம்பத்தூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. இரண்டும் மெட்ராஸுக்குப் போய்த்தான் ஒன்றையொன்று பார்க்கும். லோகநாதன் பாரிமுனையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் எட்டியே பார்த்ததில்லை.

வாடகையை வாங்கியது எதிர்வீட்டுப் பூக்காரி கோவிந்தம்மா. விடிகாலையில் பூ எடுக்க மெட்ராஸ் பூக்கடைக்குப் போகும்போது பணத்தை லோகநாதனிடம் கொடுத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவாள். வீட்டுக்காரரின் வாய் என்று அவளைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் அடைமழையிலேயே கூடத்தின் நடு உத்தரம் விரிசல் விட்டது. உத்தரத்தில் ஒரு பழைய இரும்பு வளையம் தொங்கியது. எந்தக் காலத்திலோ யாரோ தொட்டில் கட்டியது. பையன்கள் அதில் வாளியைக் கட்டி ஒழுகுவதைப் பிடித்தார்கள். நேர் கீழே தாவீதின் கயிற்றுக்கட்டில். கடைசியாக வந்து சேர்ந்தவனுக்கு அந்த இடம்தான் மிச்சம் இருந்தது. உத்தரம் விழுந்தால் அவன் மேல்தான் விழும். வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால் வேறு வீடு அவனுக்கு இல்லை.

கோவிந்தம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அவள் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

"அந்தம்மா முழுகாம கீறாங்களாம் நைனா. இப்ப கூரைல கைய வெக்கக் கூடாது. நீங்களும் ஒரு ஆணிகூட அடிக்காதீங்க. வயித்துல கீற புள்ளைக்கு ஆவாது."

4

இந்த இடத்தில் உங்களில் சிலர் புத்தகத்தை மூடிவிட்டு, "படித்த பையன்கள், கடம்பத்தூர்க் கர்ப்பத்துக்கும் பொன்னேரி ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க மாட்டார்களா?" என்பீர்கள்.

கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது மாசமாக இருக்கும்போது சுவரை இடித்திருக்கிறீர்களா? சும்மா பேசாதீர்கள். குப்புராஜின் அக்காவுக்காக அவர்கள் வீட்டு மாடி பாதியிலேயே நின்றது. பரசுராமனின் அம்மா, "நல்ல காலம் சொன்னாங்க" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வேதக்கார வீட்டில் இதெல்லாம் கிடையாதே என்று தாவீதின் அம்மாவிடம் கேட்டதற்கு, வேதத்துக்கும் இதுக்கும் இன்னா, வயித்துல கீறது கொழந்ததான என்று அவள் ஒரேயடியாக அடக்கிவிட்டாள்.

ஆகவே காத்திருந்தார்கள். கோவிந்தம்மா எதிர்வீட்டிலிருந்து காவல். ஓடு மாற்றக் கூடாது. குழி தோண்டி முட்டுக் கொடுக்கக் கூடாது. சட்டை மாட்ட ஆணி கிடையாது. சட்டைகள் கதவின்மேல் கிடந்தன. குப்புராஜ் யோசித்து, தட்டாமல் கொட்டாமல் ஒரு மூங்கிலை உத்தரத்துக்குக் கீழே நிறுத்தினான். உயரம் போதவில்லை. மூங்கிலுக்கு அடியில் பாடப் புத்தகங்களை அடுக்கினான். அளவு கச்சிதமாக வந்தது. அடுக்கில் மேலே இருந்தது பௌதிகம்.

அதற்குப் பிறகு பௌதிகம் படிக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் மூங்கிலைத் தூக்கிப் பிடிக்க, ஒருவன் புத்தகத்தை உருவிப் படிப்பான். உத்தரம் கொஞ்சம் இறங்கும். தாவீது ஒளியைப் பற்றி மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுவான். ஒலிக்கு அவன் போகவே இல்லை.*

* பரீட்சையில் ஒலியிலிருந்து கேள்வி வந்ததா என்று கேட்டேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார் பரசுராமன்.

5

மாதங்கள் ஆயின. பிரசவம் ஆகியிருக்கும் என்று நினைத்துக் கேட்டு அனுப்பினார்கள். ஆகிவிட்டதாம், குழந்தை சௌக்கியமாம், ஆனால் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம். பையன்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருஷமும் அதே பதில்.

கோவிந்தம்மாவுக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் மல்லிகையை லோகநாதனிடம் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த லோகநாதனை நான் நம்பவில்லை. கதாசிரியன் நம்பாத பாத்திரத்தை வாசகர் எப்படி நம்புவார்? முதல் படியில் அவருக்கு ஒரு சின்ன வீடு வைத்தேன். எடுத்துவிட்டேன், இரும்புக்கடைச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. இரண்டாவது படியில் குதிரைப் பந்தயம். அதுவும்—

கடைசியில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மனிதருக்குச் சோம்பல். ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு உத்தரம் மாற்றச் சோம்பல்பட்டு, பெண்டாட்டியைக் கர்ப்பமாக்கிவிட்டார். அப்புறம் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. கடம்பத்தூரில் அவரைப் பார்த்து யாரும் "வீட்டில் விசேஷமா?" என்று கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. பூக்கடையில் மட்டும் ஒரு பூக்காரி சிரித்த முகத்தோடு கேட்டாள். பாவி மனுஷன், எனக்கு இப்போது அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

(பரசுராமன்: "உனக்கு கோவம் வராது சார். நீயும் அந்தாளு மாரிதான். பொன்னேரிக்கு வந்து அந்த ஊட்ட ஒரு தபா பாத்தியா? எங்கயோ ஒக்காந்துகினு கூரை இப்டி ஒழுகிச்சு அப்டி ஒழுகிச்சுன்னு எழுதினுகீற." கோபம் வந்தால் அவர் எனக்கு மரியாதை கொடுப்பதில்லை.)

6

யோசனை குப்புராஜுடையது. 1974, ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. உத்தரம் மூங்கிலையே வளைக்க ஆரம்பித்தது. தாவீது கட்டிலில் படுக்கும்போது கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தான்.

குப்புராஜின் வாதம் இது: கர்ப்பத்தை மறுப்பது பாவம். அதை ஒப்புக்கொண்டு நடத்திவைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. வளைகாப்பு போட்டுவிட்டால் ஊரறிந்த கர்ப்பம். ஊரறிந்த கர்ப்பத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு லோகநாதன் எந்த முகத்தோடு உத்தரத்தை மாற்ற மாட்டேன் என்பார்?

வளைகாப்பு பிறந்த வீட்டார் போடுவதாயிற்றே என்றான் பரசுராமன். நாம் மூன்று பேரும் அண்ணன் தம்பி முறையில் போவோம் என்றான் குப்புராஜ். தாவீது உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தான். வீட்டுக்காரரைத் தேடிப்போய் எழுப்பினால் அவர் வருவார். வந்தால் தெருவைக் கேட்பார். உத்தரம் நிமிர்ந்துவிடும், ஆனால் அதன் கீழே படுக்க அவன் இருக்க மாட்டான். இது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் தாவீதேதான், "போலாம்டா. வெளிய துரத்தினா உயிரோடயாவது போவேன்" என்றான்.

ஐந்து வகைச் சாதம் கட்ட வேண்டும். மூன்று பேருக்கும் கிளறத் தெரிந்தது புளிச்சாதம் ஒன்றுதான். ஐந்து பாத்திரத்திலும் அதையே வைத்தார்கள்; ஒன்றில் வேர்க்கடலை, ஒன்றில் கொத்தமல்லி என்று வேஷம் மாற்றினார்கள். பரசுராமனின் அம்மா, இடுப்புக்குப் பலம் என்று ஒரு தூக்கு நண்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினாள். வளையல் அடுக்க ஒரு சுமங்கலி வேண்டும் என்று கோவிந்தம்மாவையும் இழுத்துக்கொண்டார்கள். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தோஷமாகவே வந்தாள்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினார்கள். கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம், தட்டு, தூக்கு. நண்டு வாசனைக்குப் பெட்டியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கு வளைகாப்பு என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்க ஊட்டுக்கார அக்காவுக்கு என்றான் குப்புராஜ், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

7

கடம்பத்தூரில் கதவைத் திறந்தது நெற்றியோரம் நரைத்த ஒரு பெண். குணசுந்தரி. வீட்டில் லோகநாதன் இல்லை, கடைக்குப் போயிருந்தார். குழந்தைச் சத்தமும் இல்லை. தலையில் கோவிந்தம்மாவின் மல்லிகை, முந்தாநாள் கொடுத்தது, வாடியிருந்தது.

கோவிந்தம்மா அந்தப் பூவைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். தட்டை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை எழுதினேன். ஒருமுறை குணசுந்தரியை அழவைத்தேன், ஒருமுறை மயக்கம் போட்டு விழவைத்தேன். பரசுராமன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டார். அவள் செய்தது ஒன்றுதான். எந்த ஊர் என்று கேட்டாள்.

பொன்னேரி வீட்டில் குடியிருக்கிறோம் என்றார்கள். முழுகாமல் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள், அதனால் கூரையைத் தொடவில்லை என்றார்கள். சொல்லச் சொல்ல ஒவ்வொருவரின் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த ஊடு? கெழக்குப் பாத்த ஓட்டு ஊடா? அது புயல்ல இடிஞ்சு போச்சேப்பா. அவருதான் பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் பொறந்த ஊடு அது."

நீங்கள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் அல்லவா? நானும் பந்தியில் அப்படித்தான் நிமிர்ந்தேன், ரசத்தை மேலே கொட்டிக்கொண்டு. பொன்னேரிக்காரர்களுக்கு அவள் கர்ப்பம். அவளுக்குப் பொன்னேரி வீடு இடிந்துவிட்டது. பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எப்போதோ அவள் கேட்டிருக்கிறாள். இரண்டு வண்டி மாறிக் கூட்டிப்போகச் சோம்பல்பட்டு லோகநாதன் வீட்டை இடித்துவிட்டார். ஒரு பாதைக்கு ஒரு பொய் என்று வைத்துக்கொண்டு, இரண்டும் சந்திக்காமல் மெட்ராஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

அவள் தலையிலிருந்த பூவைத் தொட்டு, இது யாருடையது என்று கேட்டாள். கோவிந்தம்மா அழுதேவிட்டாள். குணசுந்தரி, "ஆசையா வாங்கினு வராருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவள் வீட்டைப் பற்றிக் கேட்டாள். நடு உத்தரத்தில் ஒரு வளையம் இருக்குமே, அதில்தான் என்னைப் போட்டு ஆட்டினார்கள், அது இருக்கிறதா என்றாள். இருக்கிறது, வாளி கட்டியிருக்கிறோம் என்றார்கள். அந்த உத்தரம்தான் விரிசல் என்றார்கள். அதற்குக் கீழே யார் படுக்கிறது என்று கேட்டாள். தாவீது முன்னே வந்தான். பெயரைச் சொன்னான். அவள் கேட்பதற்கு முன்பே ஊரையும் சொன்னான், தெருவையும் சொல்லிவிட்டான். எப்படியும் கேட்பார்கள் என்று நினைத்திருப்பான்.

குணசுந்தரி இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள்.

"என் தொட்டில் கட்டின எடத்துல படுத்துகினு கீறவன் நீதான். நீயே போடு தம்பி."

ஆம்பிளை வளையல் போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று கோவிந்தம்மா வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வளையலை எடுத்துத் தாவீதின் கையில் கொடுத்தாள். அவனுக்குப் போடத் தெரியவில்லை. இரண்டு உடைந்தன.

மோர் வந்தது இங்கேதான்.

8

மிச்சம்.

வளைகாப்பு ஆனதும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அதுதான் முறை. பையன்கள் இதை மறந்திருந்தார்கள், அவள் மறக்கவில்லை. ஐந்து புளிச்சாதத்தையும் ருசி பார்த்தாள், நண்டுக் குழம்பை முழுசாகச் சாப்பிட்டாள், ஒரு பையில் புடவைகளை எடுத்து வைத்தாள், வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்தாள். புருஷன் வந்தால், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். அண்டை வீட்டுக்காரி திறந்த வாயை மூடவில்லை.

மறுநாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில், லோகநாதன் தன் வாழ்நாளில் முதல்முறையாக வாடகைதாரரைப் பார்க்க வந்தார். குடை காற்றில் திரும்பிப்போயிருந்தது. குணசுந்தரி உள்ளே தாவீதின் கட்டிலில், உத்தரத்துக்கு நேர் கீழே படுத்திருந்தாள். பரசுராமனும் குப்புராஜும் ஆளுக்கொரு பக்கம் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாவீது வாசலில் நின்றான். கதவு ஒருக்களித்திருந்தது.

வீட்டுக்கு வா என்றார் லோகநாதன்.

அவள் படுத்தபடியே பதில் சொன்னாள். "நான் முழுகாம இருந்தா, கொழந்தை பொறந்தப்புறம்தான் நீங்க வந்து இட்டுனு போகணும். போய்ட்டு அப்ப வாங்க. முழுகாம இல்லன்னா உங்க வாயால சொல்லிட்டு ஆசாரிய இட்டுனு வாங்க. ஊடு இடிஞ்சு போச்சுன்னா, இப்ப எந்த ஊட்டு வாசல்ல நிக்கிறீங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

மனிதருக்கு மூன்று வழியும் அடைத்துவிட்டது. கண் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடி, கடைசியில் எதிரே நின்ற தாவீதின்மேல் போய் விழுந்தது. வீட்டுக்காரர் ஆனார்.

"நீ யாரு? எந்த ஊரு? எந்தத் தெரு?"

மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. தாவீது வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது.

"அவன் என் தாய்வீட்டு ஆளு. எனக்கு வளையல் போட்டவன். நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

9

முடிவுகள்.

(அ) லோகநாதன் தலைகுனிந்து உண்மையை ஒப்புக்கொள்கிறார். ஆசாரி வருகிறார். உத்தரம் மாறுகிறது. இதைக் கேட்டுப் பரசுராமன் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சுளுவாக இருந்தால் நாங்கள் ஏன் விடியற்காலையில் எழுந்து புளிச்சாதம் கிளறப்போகிறோம் என்றார்.

(ஆ) சரியாக அந்தக் கணத்தில் உத்தரம்— கிழித்துவிட்டேன். கீழே படுத்திருப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

(இ) குணசுந்தரிக்கு நிஜமாகவே ஒரு குழந்தை பிறக்கிறது. இது எனக்குப் பிடித்திருந்தது. தாளை என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். "அந்தப் பொம்பளைக்கு ஒரு புள்ளையக் குடுத்தாத்தான் உங்க கதை முடியுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பக்கத்தைத் தொட முடியவில்லை.

(ஈ)

அன்றைக்கு அவர் என்னதான் பதில் சொன்னார் என்று பரசுராமனைக் கெஞ்சிக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, தாவீது அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை, அதை மட்டும் எழுதிக்கொள் என்றார். அதற்கு மேல் சொல்ல மாட்டாராம். பேஜாரு பிடித்த மனிதர்.

ஆகவே லோகநாதன் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். நனைந்து நடுங்குகிறார். ஊரையும் தெருவையும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்த வழியும் போய்விட்டது. இனி உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது திரும்பிப் போக வேண்டும். அவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வீட்டில் எனக்குப் பாத்தியதை கிடையாது. நீங்கள்தான் இவ்வளவு நேரம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கதவும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

திறப்பதானால் மெதுவாகத் திறங்கள். உத்தரம் இன்னும் பௌதிகப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது.